பெல்ட்டை இறுக்கிவிட்டுப் போன மகனுக்கு

அன்புள்ள குமரன்,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் காரின் உறுமல் இன்று பிற்பகல் நின்றுவிட்டது. தகவல் தந்தவர் உன் அப்பா. அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால், அவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. பொனட்டைத் திறந்து வைத்து இரண்டு பக்கமும் நின்று நானே கேட்டேன். பிறகு கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கேட்டேன். பிறகு பதுளைக் கடைவீதி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். உறுமல் இல்லை. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. பழுது முழுவதும் முன்பக்கத்தில் இருக்கும் வோட்டர் பம்பின் பெயாரிங்கில்தான். அதை நானும் அப்பாவும் நம் வீட்டு வாசலிலேயே கழற்றிவிட்டுப் புதிய பம்பை மாட்டிவிட்டோம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் கையில் கிரீஸ் வாசம் போகவில்லை. இன்று வீட்டில் சோறு ஆக்கவில்லை. பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு, சும்மா நிற்கும் காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதைப் போய் பத்திரிகையில் எழுதுகிறீர்களே என்று நீ கேட்பாய். தொலைபேசியில் நான் "கார்" என்று ஆரம்பித்தாலே, "வித்துருங்கம்மா, அது முடிஞ்சு போச்சு" என்று நீ பேச்சை முடித்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் எனக்குக் கொடுக்கிற இடத்தில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மகனுக்கு அம்மா சொல்ல வேண்டியது என்று சில இருக்கும். அவற்றை எப்படித் தொடங்குவது என்று நான் இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஒரு பழைய பம்ப் கழன்று என் மடியில் விழுந்ததும், தொடங்குகிற இடம் கிடைத்துவிட்டது.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். மார்கழி மாதக் குளிரில்தான் அந்த உறுமல் ஆரம்பித்தது. முதலில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கேட்டது. பிறகு பண்டாரவளை ஏற்றத்தில் கேட்டது. பிறகு கார் நிற்கும்போதும் ஓடும்போதும் ஓயாமல், காய்ந்த மிளகாயை அம்மியில் போட்டு இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. நான் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன். அதற்கும் மேலே அது கேட்கத் தொடங்கியபோதுதான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ் பாஸ் நல்ல மனிதர். ஆனால் அவர் தலையைக் குனிந்து கேட்ட நேரத்தில், பின்னால் இரண்டு பஸ்கள் புறப்படுவதற்காக உறுமிக்கொண்டிருந்தன. எஞ்சினின் அடியில் இருக்கிற பெரிய பெயாரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும், இந்த வயசுக் காருக்கு அது வீண் வேலை என்றார். செத்த வீட்டில் பேசுவது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார். பக்கத்தில் இருந்த அப்பா, நான் உரக்கத் திருப்பிச் சொன்னதை அப்படியே உனக்குத் தொலைபேசியில் சொல்ல, நீ அன்றைக்கே பண்டாரவளையில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டாய். பழைய கார்களைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்பவர். வருகிற சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவார், அடுத்த வெள்ளிக்கிழமை பரிசம் போட வேனில் போவோம் என்று எல்லாவற்றையும் கொழும்பில் இருந்தபடியே ஒழுங்குசெய்துவிட்டாய். உன் வேகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கார் போனால் என் வேலையும் கூடவே போய்விடும் என்பதை நீ கவனிக்கவில்லை.

தேயிலைத் தோட்டங்களுக்குப் பஸ் போகிற தூரம் உனக்குத் தெரியும். சந்தியில் இறக்கிவிட்டுவிடும். அங்கேயிருந்து பெக்டரிக்கும், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கும் ஏறிப் போக வேண்டும். முப்பது வயதில் நான் ஏறினேன். இப்போது என் முழங்கால் அப்புத்தளை ஸ்டேஷன் படியிலேயே நின்று யோசிக்கிறது. ஆசிரியர் பீடத்தில் ஒருவர், "அக்கா, இனிமே போன்ல கேட்டு எழுதிக்கலாமே" என்று மரியாதையாகத்தான் சொன்னார். போனில் கேட்டு எழுதினால், மழையில் மண் சரிந்த லயத்துக்குள் எந்த உயரம் வரைக்கும் சேறு நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. தோட்டத்துத் துரை சொன்னது தெரியும். தொழிற்சங்கத் தலைவர் சொன்னது தெரியும். சேறு தெரியாது. தொண்ணூறுகளில் இந்தக் காரை வாங்கியபோது, யாழ்ப்பாணத்திலிருந்து கச்சேரியில் அரசாங்க வேலைக்கு வந்து இங்கேயே என்னைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்ட உன் அப்பா, பெண்பிள்ளைக்கு எதற்குக் கார் என்று கேட்கவில்லை. நான் ஓட்டக் கற்றுக்கொள்ளும்வரை பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். பள்ளி விடுமுறையில் நீ பின் சீட்டில் பத்திரிகைக் கட்டின் மேல் தூங்கிக்கொண்டு வருவாய். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால், நான் எழுப்பும் முன்பே எழுந்து, பால்மா டின்னை எடுத்துக்கொண்டு ரோட்டோரப் பீலிக்கு ஓடுவாய். குழாய் வைத்து விழுகிற மலைத் தண்ணீரைப் பிடித்து வந்து, துணியைச் சுற்றி மூடியைத் திறக்க வேண்டும் என்று எனக்கே சொல்லித்தருவாய். அந்தக் காரைத்தான் விற்கச் சொன்னாய்.

ஓர் ஆள் இறந்துவிட்டார் என்று ஒரே ஒருவர் மட்டும் சொன்னால் நான் இதுவரை எழுதியதில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன், அல்லது வேறொருவரிடம் கேட்பேன். காருக்கு மட்டும் ஏன் ஒரே வாயை நம்ப வேண்டும் என்று நேற்றுக் காலை அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நீர் சொல்லுறது சரிதான். ஆனா ரெண்டாவது ஆளுக்கு எங்க போறது?" என்றார். கார் இங்கேதானே நிற்கிறது, அதையே கேட்போம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எழுந்து வந்தார். வரும்போதே, சேலையோடு எஞ்சினுக்குக் கிட்ட வரக்கூடாது, ஃபேன் இழுத்துவிடும் என்று சட்டம் போட்டார். அவருடைய பழைய காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் நூல் கயிறு கட்டி, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு நான் வாசலுக்கு வந்த கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பால் கொண்டுவந்தவர் போத்தலை வைத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அப்பாவுக்குக் கை இருக்கிறது, காது இல்லை. எனக்குக் காது இருக்கிறது, கையில் பலம் இல்லை. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, பெடலை மெல்ல மிதிப்பதும் விடுவதுமாக இருந்தார். நான் நம் வீட்டிலிருக்கும் நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து, நுனியை எஞ்சின் மேல் ஓரிடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பது போலத்தான். உள்ளே நடப்பதெல்லாம் தலைக்குள் கேட்கிறது, குமரன். இத்தனை வருடம் இதைச் செய்யாமல் இருந்தேனே என்று ஆச்சரியமாக இருந்தது. அடிப்பக்கத்தில் வைத்தேன். ஒரே சீரான அடி. மேல் மூடியில் வைத்தேன். தையல் மெஷின் போல டிக் டிக் என்றது. டைனமோவில் வைத்தேன். காற்று வீசுவது போல ஒரு மெல்லிய இரைச்சல். முன்னால் ஃபேனுக்குப் பின்னாலிருக்கும் பம்பின் உடம்பில், ஃபேனில் படாமல் பக்கவாட்டிலிருந்து வைத்தேன். பல்லுக்குள் மணல் அரைபடுவது போலிருந்தது. கையை எடுத்துவிட்டேன். மறுபடியும் வைத்தேன். அதே மணல். "என்னங்க, எஞ்சின் சாகல. முன்னுக்கு ஏதோ அழுவுது" என்று கத்தினேன். அப்பா காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "என்ன சொன்னீர்?" என்றார். மறுபடியும் கத்தினேன். இந்தக் குடும்பத்தில் எந்த நல்ல செய்தியையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

இதுவும் ஒரு வாய்தான், என் காது. இன்னொரு சாட்சி வேண்டும். பம்பையும் டைனமோவையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட். அதைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிட்டால், சத்தம் எஞ்சினில் இருந்தால் கேட்கும், முன்பக்கத்தில் இருந்தால் கேட்காது. தண்ணீர் சுற்றாது என்பதால் சூடாவதற்குள் நிறுத்திவிட வேண்டும். இதை யோசித்தது அப்பாதான். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டைக் கழற்ற டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தப் போனார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை பம்பரில் ஊன்றி இழுத்தார். மூச்சு வாங்க நின்று, கட்டை விரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். இரும்புக் கம்பி போல நின்றது. என்னைக் கூப்பிட்டு என் விரலையும் வைத்து அழுத்தச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது எங்கட பெடியன்ர வேலையப்பா."

அவர் சொன்னதும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. உனக்கும் இப்போது வந்திருக்கும். தீபாவளி லீவில் நீ வந்திருந்தபோது, பெரகலைக்குக் கீழே இருக்கும் தோட்டத்துக்கு சுகந்தியைப் பெண் பார்க்கப் போனோம். அப்புத்தளையில் ஆள் தெரியாத மூட்டம். தூறல் விடவே இல்லை. பெரகலைச் சந்தி தாண்டி, தோட்டத்து ரோட்டில் திரும்பி, கடைசி வளைவில் ஏறும்போது ஈரமான பெல்ட் வழுக்கிக் கத்தத் தொடங்கியது. சாதாரணமாகவா கத்தியது? மலையெல்லாம் எதிரொலித்தது. லயத்துக் கதவு ஒன்றுவிடாமல் திறந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு காருக்கு முன்னால் ஓடின. நாம் வாசலில் இறங்கி, தட்டைக் கையில் எடுத்து, வணக்கம் சொல்ல வாயைத் திறக்கும் நேரத்தில், அடுப்புப் புகையோடு குசினிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "சங்கு ஊதிருச்சு. யாரும் பெரட்டுக்குப் போகலையா?" காலையில் சங்கு ஊதி, ஆட்களைப் பெரட்டுக் களத்தில் நிறுத்தி வேலைக்குப் பிரித்துவிடுகிற தோட்டத்தில், அதைவிடப் பொருத்தமாக எந்தப் பத்திரிகைக்காரியும் தலைப்புப் போட முடியாது. எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தியின் அப்பா உள்ளே திரும்பி, "வாய மூடு புள்ள" என்று அதட்டியபோதுதான் அது பெண்ணின் குரலே என்று நமக்குத் தெரிந்தது. நானும் சிரித்தேன். உன் அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றாலும், எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது பண்டாரவளை வரை நீ பொனட்டையே முறைத்துக்கொண்டு வந்தாய். பெண் எப்படி என்று கேட்டதற்கு, பிடித்திருக்கிறது என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாய். அடுத்த நாள் காலை நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, நீ டைனமோவுக்குப் பின்னால் கடப்பாறையைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தாய். "காணும் தம்பி, காணும்" என்று அப்பா இரண்டு தடவை சொல்லி நிறுத்தப் பார்த்தார். "இல்லப்பா, இனிமே இது கத்தவே கூடாது" என்று இன்னும் ஒரு தடவை நெம்பி போல்ட்டை முடுக்கினாய். சொன்ன மாதிரியே அது பிறகு கத்தவில்லை. எத்தனையோ மழையில் போனேன், ஒரு கீச்சுச் சத்தம் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று நானும் பெருமையாக நினைத்தேன். இறுக்கிய பெல்ட் இரவும் பகலுமாகப் பம்பின் பெயாரிங்கை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வழுக்கலை நிறுத்திவிட்டாய். அதன் பாரத்தைப் பக்கத்திலிருந்த ஒன்று வாங்கிக்கொண்டது. இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்த பழுது பாதி சரியான பழுது.

கடைசியில் மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பேனரில் பழைய குழாயை மாட்டி நீளமாக்கி அந்தப் போல்ட்டைத் தளர்த்தினோம். பெல்ட் கழன்றது. அப்பா சாவியைப் போட்டார். நான் முன்னால் நின்றேன். எஞ்சின் பற்றிக்கொண்டதும் எனக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை, அவ்வளவு அமைதி. தீபாவளிக்கு முன்பு கேட்ட அதே பழைய தையல் மெஷின் சத்தம். உறுமல் இல்லை. கரகரப்பு இல்லை. நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டு இறங்கி வந்த அப்பா, என் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே தெரிந்துகொண்டார். "சத்தம் நிண்டிட்டுதோ?" என்றார். ஆமாங்க என்றேன். இரண்டு சாட்சி. பிறகு டைனமோவின் சக்கரத்தைக் கையால் சுற்றினார், வெண்ணெயாகச் சுற்றியது. ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார், ஆடுகிற பல் போல ஆடியது. பம்பின் அடியிலிருக்கும் சின்னத் துளையிலிருந்து துருத் தண்ணீர் வழிந்து காய்ந்த கோடு ஒன்றும் இருந்தது. மூன்றாவது சாட்சியும் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே பண்டாரவளைக்காரரைக் கூப்பிட்டு, சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அப்பாதான், "பொறும், இன்னும் மாட்டேல்லை" என்று தடுத்தார். தலைப்பை முந்திப் போட்டுவிடுகிற என் குணம் அவருக்குத் தெரியும்.

அவர் தடுத்தது நல்லதாகப் போயிற்று. புதிய பம்பும், தண்ணீர் கசியாமல் இடையில் வைக்கிற கேஸ்கட்டும் பதுளையிலேயே கிடைத்துவிட்டன. இன்று காலை வேலையைத் தொடங்கினோம். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரின் கீழ்க் குழாயைத் திறந்து, உன்னைக் குளிப்பாட்டிய பழைய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரைப் பிடித்தோம். பீலித் தண்ணீரின் வண்டல் எல்லாம் வந்தது. நீ டின்னில் கொண்டுவந்து ஊற்றிய மலை மண் அதில் எவ்வளவு இருந்ததோ. ஃபேனைக் கழற்றினோம், சக்கரத்தைக் கழற்றினோம். பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்கள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. மாறிப்போகாமலிருக்க, அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் அட்டையில் குத்தி வைத்தேன். எல்லாம் வந்தன. கடைசிப் போல்ட் மட்டும் வரவில்லை.

அந்தப் போல்ட்டைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். அது அடியில், கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. துருப்பிடித்து எஞ்சினோடு எஞ்சினாக ஒட்டிப்போயிருந்தது. பலமாகத் திருகினால் தலை முறிந்துவிடும். முறிந்தால் உள்ளே நிற்கிற மிச்சத்தை எடுக்க நம்மால் முடியாது. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்குத்தான் போக வேண்டும். அப்படிப் போனால் எஞ்சினை இறக்குகிற பேச்சு மறுபடியும் வரும், சனிக்கிழமையும் வந்துவிடும். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நான்கு மாதமாக என்னை வீட்டில் உட்காரவைக்கப் பார்ப்பது இந்த விரல் அளவு இரும்புதானா என்று தோன்றியது. "இங்க தாங்க, நான் ஒரே இழுப்புல எடுக்கிறேன்" என்று ஸ்பேனரைப் பிடுங்கப் போனேன். அப்பா கொடுக்கவில்லை. மண்ணெண்ணெய் விட்டார். சுத்தியலால் போல்ட்டின் தலையில் மெல்லத் தட்டினார். எழுப்புவதற்குக் கதவைத் தட்டுவது போல. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி போடுமாறு என்னிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். குடித்தார். மறுபடியும் மண்ணெண்ணெய், மறுபடியும் தட்டல். மறுபடியும் உட்கார்ந்தார். எனக்குப் பொறுமை போய் வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மத்தியானம் கடந்த பிறகு ஸ்பேனரைப் போட்டு, கழற்றுகிற பக்கம் திருப்பாமல், முடுக்குகிற பக்கம் ஒரு நூலளவு திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம். முறிந்துவிட்டது என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது போல்ட் முழுதாக அவர் உள்ளங்கையில் இருந்தது. அதை என்னிடம் நீட்டிச் சிரித்தார். கல்யாணப் பந்தலில்கூட அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மிச்சம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டை பிளேடால் சுரண்டித் துடைத்தேன். சுரண்டியது உள்ளே விழாமலிருக்க எஞ்சினின் துளை வாயில் துணியை அடைத்துவிட்டு, ஞாபகமாக அதை வெளியே எடுத்தேன். சாமி, பூதம் என்றால் முகத்தைச் சுளிக்கிற உன் அப்பா, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு புதிய பம்பில் திருநீறு பூசினார். போல்ட்களை ஒன்றை முழுதாக முடுக்காமல், எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். பீலித் தண்ணீர் வேண்டாம் என்று கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றினோம். கடைசியில் பெல்ட். கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் தாழ வேண்டும், அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம் என்று அப்பா அளவு பார்த்துப் பார்த்து விட்டார். ஸ்டார்ட் செய்தோம். அதற்குப் பிறகு நடந்ததை முதல் பந்தியிலேயே எழுதிவிட்டேன். பண்டாரவளைக்காரரை நானே கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். "சரிங்கம்மா, அப்ப அந்தப் பழைய பம்பையாவது எனக்குத் தாங்க" என்றார். அதையும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது என் மேசையில் தாள் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

இனி நான் சொல்ல நினைத்தது. நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எதிலாவது சத்தம் வந்தால் உன்னிடம் இரண்டே வழிதான், இறுக்குவாய், இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுவாய். ரேடியோ இரைந்தபோது ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கினாய். அடுத்த நாள் அது வாயே திறக்கவில்லை என்றதும் கோழிக்கூட்டுக்கு மேலே வீசினாய். உன் சாமான் என்றால் எனக்குக் கவலையில்லை. போன வாரம் சுகந்தியோடு பேசினேன். அவள் புகார் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் படிப்பிக்கிற ஸ்கூல் இன்டர்வலில் ஒரு தடவை, ஸ்கூல் விட்டதும் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை நீ கூப்பிடுகிறாயாம். ஒருநாள் சிக்னல் இல்லாமல் எடுக்கவில்லை என்பதற்கு, என்மேல் கோபமா, கல்யாணத்தில் விருப்பமில்லையா என்று கேட்டாயாம். அன்பினால்தான் கேட்டாய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடப்பாறையைக் கொடுத்து நெம்பியபோதும் அன்பினால்தான் நெம்பினாய். அது இன்னொரு தடவை நாலு பேருக்கு முன்னால் நம்மைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்றுதான் இறுக்கினாய். அரை அங்குலம் விடு, மகன். அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் அவளுக்கு இருக்கட்டும். சில நாள் போனை எடுக்காமல் இருக்கட்டும். ஈரமான நாளில் கொஞ்சம் கத்தினாலும் கத்தட்டும். கத்தியதும் கல்யாணமே பழுது என்று அடுத்த ஊரில் ஆள் தேடாதே. எதையாவது ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேள். இருவரில் ஒருவருக்குக் கை, ஒருவருக்குக் காது. எங்கள் வீட்டில் இத்தனை வருடம் ஓடியது அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. இன்று மாலை சுகந்தியைக் கூப்பிட்டேன். ஒரு செய்தியை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. நாங்கள் பெண் பார்க்க வந்த அன்று குசினிக்குள்ளிருந்து நீ ஏன் அப்படிக் கத்தினாய், எங்கள் பிள்ளை வெட்கப்பட்டு ஒரு பம்பையே தின்றுவிட்டானே என்று கேட்டேன். பம்ப் கதையை முழுதாகக் கேட்டாள். நெடுநேரம் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அத்தை, கார் சத்தம் போட்டதுக்கு நான் சும்மா வாய்விட்டேன். ஆனா குசினி ஜன்னல்ல எட்டிப் பாத்தா, அவர் மூஞ்சி செவ செவன்னு செவந்து போய் நிக்கிறாரு. கொழும்புல பெரிய வேலையில இருக்கிற ஆளு, சும்மா கெத்தா வருவாருன்னு நெனச்சேன். அந்த மூஞ்சியப் பாத்துத்தான் அப்பாகிட்ட சரின்னு சொன்னேன்." இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க அத்தை, அவருகிட்ட என்னால நேரா சொல்ல முடியல" என்றாள். நீ அழிக்கப் பார்த்தது எதையோ, அதுதான் உனக்கு அவளைத் தந்திருக்கிறது. இதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

இனி உறுதியாக வேண்டியது ஒன்றுதான். அளவாக விட்ட பெல்ட், மூட்டத்திலும் தூறலிலும் கத்துமா, கத்தாதா? இன்று பதுளையில் வெயில், அதனால் தெரியவில்லை. நீ வியாழக்கிழமை ரயிலில் வந்து இறங்கும்போது கொழும்பிலிருந்து புது பெல்ட் வாங்கி வரட்டுமா என்று கேட்பாய். வாங்கி வா. ஆனால் பரிசம் முடிந்த பிறகுதான் மாட்டுவது. வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை, பரிசத் தட்டுகளைப் பின் சீட்டில் அப்பாவின் மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் காரில்தான் போகிறோம். நான் ஓட்டுவேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். பெரகலைச் சந்தி தாண்டித் தோட்டத்து ரோட்டின் கடைசி வளைவில் ஏறும்போது விடை தெரிந்துவிடும். கத்தினால் இறங்காதே, ஸ்பேனரைத் தேடாதே, முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. அந்த நேரத்தில் குசினி ஜன்னலில் நின்று, என்ன கேட்டது, என்ன பார்த்தாள் என்று எனக்குத் தகவல் தருவதாக சுகந்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அம்மா
பதுளை